நொட்டை அக்காவின் வீட்டுப்பாடம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் நொட்டை அக்கா. முகத்துக்கு நேரே வெறும் அக்கா, முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர். அது அவருக்கும் தெரியும். "நொட்டை சொல்றதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க. சொல்லாம இருந்தாத்தான் தப்பு" என்பார். மென்பொருளைச் சோதிப்பது அவர் வேலை. நாங்கள் எழுதிக் கொடுப்பதை வாங்கி, எங்கே உடையும் என்று பார்த்து, உடைத்தும் காட்டுவார். பத்தொன்பது வருடம் அதைத்தான் செய்தார். அதில் ஆறு வருடம் அவரிடம் உடைபட்டவன் நான்.

விடுப்பு விண்ணப்பிப்பதற்கு நான் ஒரு மென்பொருள் எழுதியிருந்தேன். அக்கா அதில் பிப்ரவரி முப்பதாம் தேதிக்கு விடுப்பு கேட்டார். மென்பொருள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அதோடு விட்டாரா என்றால் இல்லை, அதை அப்படியே மேனேஜருக்கு அனுப்பினார். மேனேஜர் இரண்டு நிமிடத்தில் அனுமதி கொடுத்துவிட்டார். பிழை அறிக்கையில் அக்கா எழுதியது இவ்வளவுதான்: 'ஒன்று, மென்பொருளுக்குக் காலண்டர் தெரியவில்லை. இரண்டு, மேனேஜருக்கும்.' இரண்டாவது பிழையைத் திருத்தும் பொறுப்பை யார் தலையில் கட்டுவது என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது.

வீட்டிலும் இதே கதைதான். அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். அவர் தயாரிக்கும் கேள்வித்தாள் அக்காவின் கண்ணில் பட்டுவிட்டுத்தான் அச்சுக்குப் போகும். இருபத்துநான்கு மீட்டர் ஆழமுள்ள கிணற்றில் போட்ட கல் மூன்று விநாடியில் எவ்வளவு தூரம் விழும் என்று ஒரு கேள்வி. விடையைக் கணக்குப் போட்டுப் பார்த்த அக்கா, கல் கிணற்றின் அடியைத் தாண்டி இன்னும் இருபது மீட்டர் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னார். வாத்தியார் கிணற்றை ஆழப்படுத்தினார்.

எங்கள் நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு துணைத் தலைவர் வந்தார். வந்த முதல் வாரமே எல்லோரையும் கூட்டி, பெரிய திரையில் ஒரு வாசகத்தைக் காட்டினார்: 'தரம் என்பது ஒரு துறை அல்ல, ஒரு மனநிலை.' கைதட்டினோம். மூன்றாம் நாள் துறை போய்விட்டது, மனநிலை மட்டும் மிச்சம். அக்காவையும் சேர்த்துப் பதினொரு பேரைக் கணினி வழிக் கூட்டம் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். அழைப்பில் தலைப்பு 'ஒரு சின்ன அரட்டை'. கூட்டம் பதினைந்து நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் துணைத் தலைவரின் குரல் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. கேட்கத் தொடங்கியபோது, "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றார்.

வேலை நீக்கக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அதில் கடைசி வேலை நாள் என்று போன வருடத் தேதி இருந்தது. அக்கா பொறுப்பாக அதைச் சுட்டிக்காட்டிப் பதில் போட்டார். திருத்திய கடிதம் உடனே வந்தது. கூடவே ஒரு வரி: 'உங்கள் கூர்மையான கவனத்துக்கு நன்றி. இத்தகைய கவனமே நம் நிறுவனத்தின் பலம்.' அடுத்த பத்தாவது நிமிடம் அவருடைய மின்னஞ்சல் கணக்கை மூடிவிட்டார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், ஒரு வாழ்த்து அட்டை வாங்கி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அட்டையில் 'வாழ்துக்கள்' என்று அச்சாகியிருந்தது. அக்கா வாங்கிப் பார்த்தார், படித்தார், பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு மனது விட்டுப்போனது அதைப் பார்த்துத்தான்.

அக்காவுக்கு ஒரு கொழுந்தனார் உண்டு. அவரும் எங்கள் தொழில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய பதவியின் பெயர் ஒரு சொல் நீளும். என்ன வேலை பார்க்கிறார் என்று மட்டும் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. எந்நேரமும் 'கால்'ல இருப்பார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு, மென்பொருள் உலகம் எங்கே போகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. டெஸ்டிங்கே முடிஞ்சு போச்சு. இனிமே ஏஐயே கோட் எழுதும், ஏஐயே டெஸ்ட் பண்ணும்."

"அதுல தப்பு வந்தா?"

"அதையும் ஏஐயே கண்டுபிடிக்கும்."

"கண்டுபிடிக்கிறதுல தப்பு வந்தா?"

கொழுந்தனார் காபியை ஒரு வாய் குடித்தார். "பாத்தீங்களா, நீங்க நெகட்டிவா யோசிக்கிறீங்க. அப்ஸ்கில் பண்ணணும் அண்ணி. மைண்ட்செட்டை மாத்தணும்."

"என்ன கத்துக்கணும்னு சொல்லுங்க தம்பி, கத்துக்கறேன்."

"அது நிறைய இருக்கு. நான் லிங்க் அனுப்பறேன்."

ஏழு லிங்க் வந்தன. மூன்று திறக்கவே இல்லை. எந்த மூன்று என்று அக்கா பதில் அனுப்பினார். அடுத்த இரண்டு ஞாயிறு கொழுந்தனார் வரவில்லை.

"அவன் சொல்றதுல பாதியை விட்டுடு" என்றார் வாத்தியார்.

"எந்தப் பாதிங்க?"

வாத்தியார் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வேலை தேடும் படலம் தொடங்கியது. ரெஸ்யூமேயைப் பதிவேற்றச் சொல்லும் படிவம், பதிவேற்றியதும் அதில் இருப்பதையெல்லாம் மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லும். ஒரு நிறுவனத்தில் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசச் சொன்னார்கள், எதிரே மனிதர் யாரும் இல்லை. பேசி முடித்ததும் திரையில் 'புன்னகை: நூற்றுக்குப் பதினான்கு' என்று வந்தது. இன்னோர் இடத்தில், அக்கா வேலைக்குச் சேர்ந்த வருடம் பிறந்திருக்கக்கூடிய ஒருவர், "நீங்க ஒரு கிச்சன் சாமானா இருந்தா, எந்தச் சாமானா இருப்பீங்க?" என்று கேட்டார். அக்கா ஒரு நொடி யோசித்து, "வடிகட்டி" என்றார். அவர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். வேலை வேறு ஏதோ சாமானுக்குக் கிடைத்தது.

ஏழாவது மாதம் ஒரு சின்ன நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்பவர்கள். நோயாளியின் பெயர், முன்பதிவு, மருந்துச் சீட்டு, ஒவ்வாமை எல்லாம் அதில் இருக்கும், நோயாளிகளும் தங்கள் பக்கத்தைப் போனில் திறக்கலாம். ஐந்து சுற்று நேர்காணல். முதல் மூன்றும் தொலைபேசியிலேயே முடிந்தன. நான்காவதற்கு வீட்டுப்பாடம்: 'எங்கள் மென்பொருளின் மருந்துச் சீட்டுப் பகுதியை இத்துடன் தருகிறோம். நான்கு நாளில் சோதித்து அறிக்கை தரவும்.'

அக்கா நான்கு நாளும் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. மகள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இன்டர்வியூவுக்கா இவ்ளோ? சும்மா பத்து எழுதி அனுப்பேன்" என்றாளாம். பத்தோடு நிறுத்த அக்காவுக்குத் தெரியாது. முப்பத்தெட்டுப் பிழைகள். ஒவ்வொன்றுக்கும் படம், அதை மறுபடி வரவழைக்கும் வழி, திருத்தத்துக்கு யோசனை. திரையில் தோன்ற வேண்டிய எச்சரிக்கை வாசகங்களைக்கூட அவரே எழுதித் தந்தார். முதல் பிழையைச் சிவப்பில் போட்டார். ஒரே தொலைபேசி எண்ணில் ஒரு குடும்பமே பதிவு செய்திருந்தால், ஒருவருடைய ஒவ்வாமைக் குறிப்பை மாற்றும்போது எல்லோருக்கும் மாறிவிடுகிறது. மகளுக்கு ஒவ்வாமை இல்லை என்று போட்டால் அப்பாவுக்கு இருந்ததும் அழிந்துவிடும். 'ஆள் உயிருக்கு ஆபத்து. மற்ற முப்பத்தேழும் காத்திருக்கலாம், இது கூடாது' என்று எழுதினார்.

மறுநாளே பதில் வந்தது. 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எங்கள் தேவைக்கு மேலும் பொருத்தமான ஒருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். உங்கள் பயணம் சிறக்கட்டும்.'

ஆறு வாரம் கழித்து வாத்தியாருக்குக் கடைவாய்ப்பல் வலி. இருவரும் பல் கிளினிக்குக்குப் போனார்கள். வரவேற்பில் இருந்த பெண் அதே மென்பொருளைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் தவறுதலாகப் பழைய தேதியை அழுத்த, ஓர் எச்சரிக்கை தோன்றியது: 'இந்தத் தேதி கடந்துவிட்டடது. சரிபார்க்கவும்.'

அது அக்கா எழுதிக் கொடுத்த வாசகம். ஒரு 'ட' கூடுதலாக விழுந்த தட்டச்சுப் பிழையும் அக்காவுடையதே.

"அதைப் பாத்ததும் முதல்ல எனக்குக் கோபம் வரல" என்று என்னிடம் சொன்னார். "வெக்கமா இருந்துச்சு. பத்தொன்பது வருஷத்துல ஒரு தப்போட அறிக்கை அனுப்பினதே இல்ல. அது இப்ப ஊர்ல இருக்கிற அத்தனை கிளினிக்லயும் நிக்குது."

கோபம் ஐந்து நிமிடம் கழித்து வந்தது. வாத்தியாருக்குப் பென்சிலின் ஆகாது. அது திரையில் பதிவாகியிருந்தது. அக்கா அந்தப் பெண்ணிடம், மகளையும் இதே எண்ணில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். சேர்த்தார்கள். மகளுக்கு ஒவ்வாமை எதுவுமில்லை. "இப்ப எங்க வீட்டுக்காரர் பக்கத்தைத் திறங்க" என்றார். வாத்தியாருக்கும் எதுவுமில்லை. முப்பத்தேழு சின்னத் தப்புகளும் போய்விட்டிருந்தன. சிவப்பில் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது.

பல் மருத்துவர் வெளியே வந்து பார்த்தார். "நல்லவேளை சொன்னீங்க. நான் ஸ்கிரீனைப் பாத்துத்தான் மருந்து எழுதுவேன்" என்றார். அன்று முதல் ஒவ்வாமையை அட்டையில் பேனாவால் எழுதி வைக்கச் சொன்னார்.

வரவேற்புப் பெண் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினார். 'இது பிழை அல்ல, குடும்ப ஒருங்கிணைப்பு வசதி' என்று பதில் வந்தது. அக்கா தானே தொலைபேசியில் அழைத்தார். வாடிக்கையாளர் எண் இல்லாமல் பேச முடியாது என்று ஒரு பதிவுக் குரல் நான்கு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

இதற்கு நடுவில், வேறொரு நேர்காணலின் காத்திருப்பு அறையில் ஒல்லியான ஒரு மனிதரைச் சந்தித்தார். வங்கி ஒன்றில் சோதனையாளராக இருந்து வேலை போனவர். பேச்சுவாக்கில் அக்கா கிளினிக் மென்பொருளைச் சொல்ல, "எனக்கும் அதே கம்பெனிதான் மேடம். முன்பதிவுப் பகுதி கொடுத்தாங்க. இருபத்தொரு பக் கண்டுபிடிச்சு எழுதிக் கொடுத்தேன்" என்றார். தேடிப் பார்த்ததில் இன்னும் ஏழு பேர் கிடைத்தார்கள். ஆளுக்கு ஒரு பகுதி. யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. வேலை விளம்பரமோ பதினொரு மாதமாக இணையத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. முழு மென்பொருளையும் ஒன்பது பேர், ஆளுக்கொரு நன்றிக் கடிதத்துக்காகச் சோதித்து முடித்திருந்தார்கள்.

ஒன்பது பேரும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். பகிரங்கக் கடிதம் எழுதலாம் என்றார் ஒல்லி மனிதர். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். கையெழுத்து என்று வந்ததும் கட்டைவிரல்கள் இறங்கிவிட்டன. பெயர் கெட்டுவிடும், அடுத்த இடத்தில் கேட்பார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, இப்படி ஆளுக்கொரு காரணம். கடைசியில் ஒருவர், கடிதம் எழுத ஏஐயிடம் சொல்லலாமே என்றார். எழுதியும் தந்தது. மிக நல்ல கடிதம். யாரும் அனுப்பவில்லை.

அக்கா கொழுந்தனாரிடமும் சொல்லிப் பார்த்தார். "இதெல்லாம் இண்டஸ்ட்ரில நார்மல் அண்ணி. எங்க கம்பெனில மார்க்கெட்டிங் பிளானே கேண்டிடேட் போட்டுக் கொடுத்ததுதான்" என்றார் பெருமையாக.

அக்கா மறுபடி அதே வேலைக்கு விண்ணப்பித்தார். அதே பெயர், அதே ரெஸ்யூமே. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. முதல் மூன்று சுற்றும் பழையபடியே போயின. நான்காவதில் இந்த முறை மென்பொருளின் அறிக்கை தயாரிக்கும் பகுதியை வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்கள். அக்கா ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: 'போன வீட்டுப்பாடத்தின் முதல் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. நேரில் காட்டுகிறேன்.' ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த ஹெச்.ஆர். பெண் இதைப் படைப்பூக்கம் என்று எடுத்துக்கொண்டார். நிறுவனரோடு ஐந்தாவது சுற்றுக்கு நாள் குறித்தார்.

அங்கே கண்ணாடி அறைகளுக்கு நற்குணங்களின் பெயர் வைத்திருந்தார்கள். ஹெச்.ஆர். பெண் ஒரு கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "சாரி மேடம், நேர்மை இன்னிக்குக் காலி இல்ல. துணிவுல உக்காருங்க" என்றார். அக்கா துணிவில் உட்கார்ந்தார்.

நிறுவனர் முப்பது வயதுக்காரர். கையில்லாத ஜாக்கெட். உட்கார்ந்ததும், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

"அது இருக்கட்டும் சார். உங்க ஆப்பை நீங்க யூஸ் பண்றீங்களா?"

"கண்டிப்பா. எங்க அம்மா, என் பொண்ணு எல்லாரும் அதுலதான்."

"ஒரே நம்பர்லயா?"

"ஆமா, என் நம்பர்ல."

"அம்மாவுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

"சல்ஃபா. போன வருஷம் தெரியாம குடுத்து நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்தாங்க. ஏன்?"

"பொண்ணு பக்கத்தைத் திறங்க. ஒவ்வாமைல எதுவுமில்லைன்னு போட்டு சேவ் பண்ணுங்க. இப்ப அம்மா பக்கத்தைப் பாருங்க."

பார்த்தார். மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். போனை அணைத்துப் போட்டும் பார்த்தார். அம்மாவுக்கு எதுவுமில்லை என்றே வந்தது. முகத்தில் ஜாக்கெட்டுக்கு ஏற்ற தெம்பு கொஞ்சமும் இல்லை.

"இதை ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னேன். ரெண்டரை மாசம் முன்னாடி. முப்பத்தெட்டுல முதல் நம்பர். சிவப்பு எழுத்துல."

நிறுவனர் ஹெச்.ஆர். பெண்ணைக் கூப்பிட்டார். அக்காவின் அறிக்கை எங்கே போனது என்று கேட்டார்.

"அதை ஒரு டெவலப்பர் கேண்டிடேட்டுக்கு ஹோம்வொர்க்கா குடுத்தோம் சார். எல்லா பக்கையும் ஃபிக்ஸ் பண்ணிட்டு வாங்கன்னு."

"பண்ணாரா?"

"முப்பத்தேழு பண்ணார் சார். முதல் நம்பர் கஷ்டமா இருக்குன்னு விட்டுட்டார். அதனாலதான் ரிஜெக்ட் பண்ணோம்."

நிறுவனர் அந்தப் பெண்ணைத் திட்டாமல் அனுப்பிவைத்தார். இந்த ஏற்பாடே அவருடைய யோசனைதான் என்பது அதிலேயே தெரிந்தது. "எல்லாரும் இப்படித்தான் மேடம் ஆரம்பிக்கிறாங்க. ஆள் போடற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்ல" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தார். அவரும் அக்கா பார்ப்பதைப் பார்த்தார்.

"நீங்க எப்ப ஜாயின் பண்றீங்க?" என்று கேட்டார்.

"முதல்ல இதைச் சரி பண்ணி, எல்லாக் கிளினிக்குக்கும் தப்பு நடந்துச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் வீட்டுப்பாடத்தை நிறுத்துங்க. அப்புறம் வர்றேன்."

"வீட்டுப்பாடம் இல்லன்னா யார் டெஸ்ட் பண்றது?"

"அதுக்குத்தானே ஆள் எடுக்கறீங்க."

இரண்டு நாளில் சரி செய்தார்கள். கிளினிக்குகளுக்குப் போன அறிவிப்பில் 'தப்பு' என்ற சொல் 'மேம்பாடு' ஆகியிருந்தது. அக்கா அதைத் திருப்பி அனுப்பினார். மூன்று முறை போய் வந்தபிறகு 'தவறு' என்ற இடத்தில் சமாதானம் ஆனது. அதன் பிறகுதான் சேர்ந்தார். இத்தனை நடந்தும் அங்கே போய்ச் சேரலாமா என்று நான் கேட்டேன். "பத்து மாசம் வீட்ல உக்காந்து பாரு, அப்புறம் கேளு" என்றார். எனக்கு வேலை போகவில்லை.

"பாத்தீங்களா அண்ணி, மைண்ட்செட்டை மாத்தினதும் கிடைச்சிருச்சு" என்றார் கொழுந்தனார். அவர் பதவி அந்த வாரம்தான் இன்னொரு சொல் நீண்டிருந்தது.

வீட்டுப்பாடம் நின்றுபோனது. அதனால் புதுப் பதிப்பு மூன்று மாதம் தாமதம். "முன்னாடியெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நிறுவனர் ஏக்கமாகச் சொல்வாராம். அக்காவுக்கு உதவியாக இரண்டு பேரை எடுக்க ஒருவழியாக ஒப்புக்கொண்டார். அக்கா குழுவில் செய்தி போட்டார். எட்டுப் பேரும் விண்ணப்பித்தார்கள். பகிரங்கக் கடிதத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் மூச்சு விடவில்லை.

நேர்காணலுக்கு இரண்டே மணி நேரம். அலுவலகத்திலேயே, எப்போதோ கைவிட்ட பழைய மென்பொருள் ஒன்றை வைத்து. அறிக்கையை அவரவர் கையோடு எடுத்துப் போகலாம். எட்டுப் பேரில் இருவர் நன்றாகவே செய்தார்கள். மற்றவர்கள் பரவாயில்லை. ஒல்லி மனிதர் செய்தது பரவாயில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. எதிரே தெரிந்த பிழையைத் தாண்டிப் போய், இல்லாத ஒன்றை ஒன்றரை மணி நேரம் தேடினார். அவரும் எட்டு மாதமாக வீட்டில் இருந்தார்.

வேலை இல்லை என்று எல்லோருக்கும் போகும் அச்சுக் கடிதத்தையே அவருக்கும் அனுப்ப அக்காவுக்கு மனம் வரவில்லை. தானே எழுதினார். எங்கே நன்றாகச் செய்தார், எங்கே தவறவிட்டார், அடுத்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். மூன்று நாள் எடுத்துக்கொண்டார். ஒற்றெழுத்து வரை இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினார்.

மாலையிலேயே பதில் வந்தது. அதை அக்கா எனக்குக் காட்டினார்.

'மேடம், உங்க லெட்டர் கிடைச்சது. எல்லாருக்கும் அனுப்பற லெட்டரையே எனக்கும் அனுப்பியிருக்கலாம். அதுல என்னைப் பத்தி ஒண்ணும் இருக்காது. அதையாவது வீட்ல காட்டியிருப்பேன்.'

அதற்கு என்ன பதில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் முறை. இருவரும் காபி குடித்தோம். அதற்குள் அவருக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஏதோ ஒரு கிளினிக்கில் நோயாளியின் வயது மைனஸ் நான்கு என்று காட்டுகிறதாம். எழுந்து போனார்.